டிஷ் கேபிளுக்குத் தனி எர்த்: கோத்தகிரியில் நாங்கள் பட்டது

எங்கள் வீடு கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கிறது. கோடை மழை பிடித்துக்கொண்ட ஒரு மே மாத மாலையில், வீட்டுக்குக் கீழே நின்ற சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்தது. டிஷ்ஷின் மேல் விழவில்லை. ஆயினும் செட்டாப் பாக்ஸும் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டும் அந்த நொடியிலேயே போய்விட்டன. டிஷ்ஷுக்குத்தான் எர்த் போட்டிருக்கிறதே என்று யோசித்துத் தேடியபோது, அந்த எர்த்தே வினையாகியிருந்தது தெரியவந்தது.

டிஷ் பொருத்த வந்தவர் தேயிலைச் செடிகளுக்கிடையே இரண்டடி இரும்புக் கம்பியை அடித்து, டிஷ்ஷின் காலோடு கட்டிவிட்டுப் போயிருந்தார். வீட்டு எர்த் பிட்டோ பின்புறம், மீட்டர் பெட்டியருகே இருந்தது. மேல்மண் கொஞ்சமும் அடியில் பாறையுமான நிலத்தில் இடி இறங்கும்போது, ஓரிடத்துக்கும் சில அடி தள்ளியுள்ள மற்றோர் இடத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழக்கூடும். மரத்தருகே இருந்த அந்தக் கம்பியில் ஏறிய மின்சாரம், கேபிளின் உறைக்குள் இருக்கும் உலோகக் கம்பிப் பின்னல் (வெளிப்பின்னல்) வழியே செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து டிவிக்கும் சென்று, டிவியின் மூன்று பின் பிளக் மூலமாக வீட்டு எர்த்தில் இறங்கியிருக்கிறது. இரண்டு எர்த்துகளையும் இணைத்த கம்பி எங்கள் டிவிதான்!

குன்னூரிலிருந்து வந்த வயர்மேன் முதலில் செய்த வேலை, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் பின்னலை எர்த்தோடு இணைக்க உதவும் கிரவுண்ட் பிளாக் என்ற சிறு உலோக இணைப்பானைப் பொருத்தி, அதிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் பச்சைக் கம்பியை வளைவில்லாமல் வீட்டு எர்த்துக்கே கொண்டுபோனது. தோட்டத்துக் கம்பியையும் 16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியால் அதே எர்த்தோடு சேர்த்துவிட்டார். அமெரிக்க மின்விதிகளும் தனிக்கம்பி அடித்தால் அதை வீட்டு எர்த்துடன் இணைத்தே ஆகவேண்டும் என்கின்றன. மழைநாட்களில் கேபிளின் கனெக்டரைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உணர்ந்ததும் அன்றோடு நின்றது. செட்டாப் பாக்ஸின் இரண்டு பின் அடாப்டரிலிருந்து கசிந்த சிறு மின்சாரம் அது என்றார். நேரடியாக விழும் இடிக்கு இதுவும் தாங்காது என்பதால், இடி தொடங்கும் முன்பே பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுகிறோம்.

இதற்குக் கொடைக்கானலிலிருந்து மற்றோர் உறுப்பினரின் பதில்:

ஐயா, அந்தச் சுருக்கை எப்போதும் அடாப்டர் கசிவு என்றே எண்ணிவிடக் கூடாது என்பது எங்கள் அனுபவம். எங்களுடையது டிஷ் அல்ல, தெருவில் வரும் கேபிள் டிவி இணைப்பு. பனியில் பச்சை பூத்திருந்த கனெக்டரைக் கழற்றியபோது சிறு பொறி தெறித்தது. டெஸ்டர் சிறு கசிவுக்கும் எரியும் என்பதால், வயர்மேன் கழற்றிய கேபிளின் பின்னலுக்கும் வீட்டு எர்த்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பை வைத்துப் பார்த்தார். பல்பு நன்றாகவே எரிந்தது. மேட்டிலுள்ள ஒரு வீட்டில் செருகியிருந்த, கேபிள் சிக்னலைப் பெருக்கும் ஆம்பிளிபயரின் உடலில் மின்சாரம் கசிந்து, பின்னல் வழியாகக் கீழேயுள்ள வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதை மாற்றும் வரை கேபிளின் முனையை டேப் சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வெளிச்சுவரில் கட்டிவைத்திருந்தோம்.