பச்சோந்தி பகலெல்லாம் கருத்தே இருக்கிறது: மிரட்சியா, நோயா?

கேள்வி: கிளைநிழல்

வணக்கம். எட்டு மாதமான ஆண் ஏமன் பச்சோந்தி ஒன்றை வளர்க்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு அதைப் பழைய சிறு கூண்டிலிருந்து, 60 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள புதிய வலைக்கூண்டுக்கு மாற்றினேன். அதற்கு நல்லது செய்வதாக எண்ணித்தான் மாற்றினேன். ஆனால் அன்றிலிருந்து அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. காலை பத்து மணி வரை நல்ல பச்சையாக இருக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கரும்பழுப்பாகி, மாலை வரை அப்படியே இருக்கிறது. நான் அருகில் போனால் உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, தொண்டையைப் புடைத்துக்கொண்டு சீறுகிறது. நாளுக்குப் பத்துச் சுவர்க்கோழிகளைத் தின்றது, இப்போது மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. பகலில் கண் மூடுவதில்லை. எச்சத்தில் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கிறது. விளக்கின் கீழ் 30 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. புதிய இடம் பழகட்டும் என்று தினமும் கால் மணி நேரம் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தை இன்னும் கூட்ட வேண்டுமா?

மறுமொழி: துளிர்

முதலில் கையில் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பச்சோந்தி கூட்டமாக வாழாத உயிர். நம் அணைப்பை அது ஆறுதலாக உணர்வதில்லை. மேலிருந்து வரும் கையை, தன்னைத் தூக்கிச் செல்ல வரும் பறவையாகவே கொள்கிறது. கையில் அசையாமல் இருப்பதைப் பழகிவிட்டதன் அடையாளமாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது பயத்தில் உறைந்து போயிருக்கிறது.

மறுமொழி: மூன்றாங்கிளை

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்தப் பத்து மணிதான். கருமையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தோலிலுள்ள கருநிறமி செல்களுக்குள் பரவும்போதுதான் பச்சோந்தி கருக்கிறது. குளிரான காலையில் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளவும் அது இதையே செய்கிறது, அஞ்சும்போதும் இதையே செய்கிறது. அதனால் விளக்கு எரியத் தொடங்கியதும் கருத்திருந்து, உடல் சூடேறியபின் பச்சையாகும் பச்சோந்தியைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. உங்களுடையதோ நேர்மாறாக, சூடேறிப் பச்சையானபின் கருக்கிறது. ஆகவே பத்து மணிக்கு அந்த அறையில் ஏதோ மாறுகிறது, அதை அது பார்க்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்று செய்து பாருங்கள். நாளைப் பத்து மணிக்கு, அது வழக்கமாக உட்காரும் கிளையின் உயரத்துக்கு உங்கள் தலையைக் கொண்டுபோய், அது பார்க்கும் திசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதன் கண்கள் தனித்தனியாகச் சுழல்பவை. அறையில் அதன் பார்வைக்குத் தப்பும் மூலை மிகக் குறைவு. மின்விசிறியின் இறக்கை, சன்னலுக்கு வெளியே வந்து அமரும் பறவை, பூனை, கண்ணாடியில் தெரியும் அதன் சொந்த உருவம் என எதுவாகவும் இருக்கலாம். என் பச்சோந்தி ஒன்று, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் புரிந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்கிறேன்: கூண்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? உள்ளே எத்தனை செடிகள் இருக்கின்றன? பெரிய கூண்டு நல்லதுதான். ஆனால் ஒளிந்துகொள்ள இலை இல்லாத பெரிய கூண்டு, அதற்கு வெட்டவெளியில் நிற்பது போன்றதே.

கிளைநிழல்

இருவருக்கும் நன்றி. இன்று காலை முக்காலியில் அமர்ந்து, கன்னத்தைக் கூண்டின் வலையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். சன்னலில் வெயில் ஏறியதும், எதிரிலுள்ள அலமாரியின் கண்ணாடிக் கதவில் கூண்டு முழுவதும் தெரிகிறது, அதனுள் என் பச்சோந்தியும் தெரிகிறது. நிற்கும் உயரத்திலிருந்து பார்த்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை. கூண்டைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தான் வைத்திருக்கிறேன். செடி ஒன்றே ஒன்று.

மூன்றாங்கிளை

அப்படியானால் மூன்று வாரமாக அது எதிரில் இன்னொரு ஆணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆண் விலகிப் போவதும் இல்லை. கதவை இன்றே துணியால் மூடுங்கள். கூண்டை மேசை மேல் ஏற்றி, அது அமரும் மேல்கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வரும்படி வையுங்கள். நம்மைக் கீழே பார்க்கும்போது அதன் அச்சம் வெகுவாகக் குறையும். கூண்டின் மூன்று பக்கங்களையும் மறைத்துவிட்டு, நடுவில் அடர்ந்த இலையுள்ள செடிகளை வையுங்கள். வெயில் காயும் கிளை மட்டும் திறந்திருந்தால் போதும். ஒளிய இடம் கொடுத்தால் கண்ணிலேயே படாது என்று அஞ்சாதீர்கள். ஒளிய முடியும் என்று அறிந்த பச்சோந்திதான் துணிந்து வெளியே வரும்.

காலையிலும் மாலையிலும் இலைகள் நனையும்படி தண்ணீர் தெளியுங்கள். கிண்ணத்தில் தேங்கி நிற்கும் நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவுக்கு முன் எடுத்துவிடுங்கள், உறங்கும்போது அவை கடித்துவிடும். இரவில் விளக்கு எதுவும் வேண்டாம்.

மறுமொழி: பனிக்காலை

மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள், எல்லாவற்றையும் மிரட்சி என்று எண்ணிக் காத்திருந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். பகலில் கண்மூடிக் கிடப்பது, கண்கள் குழிவது, எச்சத்தின் வெண்பகுதி ஆரஞ்சு நிறமாவது, மூக்கை மேலே தூக்கி வாய் திறந்து மூச்சு விடுவது, கிளையைப் பற்றும் பிடி தளர்வது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், ஊர்வனவற்றுக்கு வைத்தியம் செய்து பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே செல்ல வேண்டும். இரையாகும் உயிர்கள் நோயை மறைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியும்போது அது முற்றியிருக்கும். விளக்கின் கீழ் வெளிறிப்போய் வாய் பிளந்திருந்தால், அது பெரும்பாலும் சூடு மிகுந்ததன் அடையாளம். பெண் பச்சோந்தி நிலைகொள்ளாமல் கூண்டின் அடியில் அலைந்தால், முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். ஓரடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டியை வைத்துவிட்டு, அது தோண்டும்போது கண்ணில் படாமல் விலகியிருங்கள்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கையால் பிடிக்க வேண்டியதில்லை. அது தானாக ஏறும் ஒரு குச்சியைத் தராசில் வைத்து, குச்சியின் எடையைக் கழித்தால் போதும்.

கிளைநிழல்

பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. கதவை மூடிய மூன்றாம் நாளே பிற்பகலிலும் பச்சையாக இருந்தது. புதிய செடிகளுக்குள் இரண்டு நாள் காணாமலே போயிருந்தது; பிறகு வெளியே வரத் தொடங்கியது. நேற்று ஏழு சுவர்க்கோழிகள். இன்று இடுக்கியால் ஒன்றை நீட்டினேன்: இடக்கண் என்மேல், வலக்கண் பூச்சிமேல். வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு இரு கண்களும் பூச்சியின் பக்கம் திரும்பின, நாக்கு வந்து போனது. தொண்டை புடைக்கவில்லை, சீறவும் இல்லை. எடை பார்க்கும் குச்சியை இந்த ஞாயிறன்று வைக்கப்போகிறேன்.