ரேடியேட்டரை மேலே பூட்டவா, முன்னாலே பூட்டவா?

உப்புவெளிப் பொடியன்:
அண்ணாமார், கம்ப்யூட்டர் ப்ராசசரைத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கிற 360 மி.மீ. லிக்விட் கூலர் ஒன்று வாங்கிவிட்டேன், அதன் ரேடியேட்டரைக் கேஸுக்குள் எங்கே பூட்டுவது என்றுதான் குழப்பம். முன்னாலே என்றால் ப்ராசசருக்கு வெளிக்காற்று நேரே கிடைக்கும் என்கிறார்கள், ஆனால் கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே 80 பாகையைத் தொடுகிறது. அறையில் ஏசி இல்லை, திருகோணமலை மத்தியான வெக்கை தெரியும்தானே.

கோணமலையான்:
மேலே பூட்டும் தம்பி, விசிறி காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி. முன்னாலே போட்டால் ரேடியேட்டர் சூடாக்கிவிட்ட காற்றைத்தான் உம்முடைய கார்டு குடிக்கும். முதலில் இடத்தை அளந்து பாரும்: ரேடியேட்டர் 27, விசிறி 25, மொத்தம் 52 மி.மீ. வரும். ரேம் (மெமரி அட்டை) உயரமானது என்றால் அங்கேதான் இடிக்கும். எனக்கு இடித்தது, ஒரு பின்னேரம் முழுக்க அதோடேயே போயிற்று.

கடற்கரைக்காரன்:
முன்னாலேதான் இடம் என்றாலும் பரவாயில்லை, ரேடியேட்டரின் மேல் நுனி பம்பைவிட உயரமாக இருந்தால் சரி. கூலரின் திரவத்துக்குள் கொஞ்சம் காற்று இருக்கத்தான் செய்யும், அது உயரமான இடத்தில் போய் நிற்கும். கேஸின் அடியில் மட்டும் பூட்டாதேயும், அந்தக் காற்று பம்புக்குள் ஏறிக் கரகரவென்று சத்தம் போடும். அப்புறம், நம்முடைய உப்புக் காற்றில் தூசி ஈரமாகி ரேடியேட்டர் தகடுகளுக்குள் களிமாதிரி ஒட்டும், அடிக்கடி ப்ரஷ் போடும்.

உப்புவெளிப் பொடியன்:
அளந்தேன், 55 இருக்கு. மேலேதான்.