உடைந்த நாணயத்தைத் தேடிப் போகும் பெண்: எந்த ஊமைப்படம் இது?

கடைத்தெருப் பேரன் (பினாங்கு):
வணக்கம். என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதியவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், தாம் சிறுவயதில் பார்த்த ஊமைப்படம் ஒன்றின் கதையை இரவுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். ஒரு பெண்ணின் கையில் பாதி நாணயம் கிடைக்கும். மறுபாதியைத் தேடிக் கடல் கடந்து ஏதோ ஒரு ராஜ்ஜியத்துக்குப் போவாள். அவளுக்குத் துணையாக மதில் ஏறிக் குதிக்கும் முரட்டு வேலைக்காரன் ஒருவன். அவன் பெயர் எடி போலோ என்பார். அது நடிகரின் பெயரா, கதையில் வரும் பெயரா என்று கேட்டால், "இரண்டும் அவன்தான், பேசாமல் தூங்கு" என்பார். படத்தின் பெயர் யாருக்காவது தெரியுமா? இப்போது பார்க்கக் கிடைக்குமா?

ஈப்போ மணி:
பேர்ல் ஒயிட் நடித்த 'பெரில்ஸ் ஆஃப் பாலின்' ஆக இருக்கலாம். 1914-இல் வந்தது. ஊமைப்படத் தொடர் என்றாலே அதுதானே.

செந்தூல் அக்கா:
ஊமைப்படத் தொடர் என்றாலே அது ஒன்றுதான் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லித்தான் மற்றவர்கள் காணாமல் போனார்கள், மணி. பாலினுக்கும் நாணயத்துக்கும் சம்பந்தமில்லை.

தம்பி, உங்கள் தாத்தா சொன்னது 'த புரோக்கன் காயின்'. யூனிவர்சல் நிறுவனம் 1915-இல் வெளியிட்டது. மொத்தம் 22 பகுதிகள். கிட்டி கிரே என்ற பெண் நிருபர் பழம்பொருள் கடையில் பாதி நாணயத்தைக் கண்டெடுக்கிறாள். அதில் லத்தீன் எழுத்து பாதியோடு நிற்கிறது. மீதியைத் தேடி கிரெட்ஸ்ஹோஃபன் என்ற கற்பனை நாட்டுக்குக் கப்பலேறுகிறாள். வேலைக்காரன் ரோலோவாக வருபவர்தான் எடி போலோ. சர்க்கஸில் பார் கம்பியில் விளையாடி வளர்ந்த உடம்பு. இந்தப் படத்தில் துணைப் பாத்திரம்தான். ஆனால் கைதட்டல் முழுவதும் அவருக்குப் போனதால் யூனிவர்சல் அவரையே நாயகனாக்கியது. 1918-இல் 'லூர் ஆஃப் த சர்க்கஸ்', 1920-இல் 'கிங் ஆஃப் த சர்க்கஸ்'. அந்நாளில் சென்னைப் பக்கத்திலும் எடி போலோ, எல்மோ லிங்கன் என்றால் கொட்டகை நிறையும். உங்கள் தாத்தாவுக்கு அவர் பெயர் மட்டும் மறக்காமல் இருந்ததில் வியப்பில்லை.

எனக்கு வருத்தம் வேறு. அந்தப் பெண் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை, பாருங்கள். கிரேஸ் கனார்ட். கிட்டியாக நடித்தவரும் அவர், திரைக்கதை எழுதியவரும் அவரே. இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டும் இவரும் சேர்ந்து அதற்கு முந்தைய ஆண்டே 'லூசில் லவ்' தொடரைக் கொடுத்திருந்தார்கள். தனக்கு வரப்போகும் ஆபத்தைத் தானே உட்கார்ந்து எழுதி, மறுநாள் தானே போய் அதில் மாட்டிக்கொண்ட நடிகை இன்றைக்கு எத்தனை பேர்? பேசும்படம் வந்தபின் அதே கனார்டுக்குக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேடங்கள்தான் கிடைத்தன. 1967-இல் இறந்தார்.

பிரான்சிஸ் ஃபோர்டை நீங்கள் பார்த்தே இருப்பீர்கள். ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் அண்ணன் அவர். தம்பி எடுத்த 'த கொயட் மேன்' படத்தில், தெருச் சண்டைச் சத்தம் கேட்டதும் மரணப் படுக்கையிலிருந்து எழுந்து கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிற வெள்ளைத்தாடிக் கிழவர். தம்பி தொழில் கற்றுக்கொண்டதே இந்த அண்ணனிடம்தான்.

படம் கிடைக்காது. அந்தக் காலப் படச்சுருளான நைட்ரேட் பிலிம் சுலபத்தில் தீப்பற்றும், வைத்தாலும் பொடியாகும். போதாக்குறைக்கு யூனிவர்சல் 1948-இல் தன்னிடம் மிஞ்சியிருந்த ஊமைப்படங்களைத் தானே அழித்துவிட்டது. முழுப்படம் இருக்கிறது என்று யாராவது விலை சொன்னால் காசு கொடுத்துவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மாலா:
கோலாலம்பூர் கொலிசியம் கொட்டகையில் இந்தத் தொடர்களை ஓட்டியிருப்பார்களோ? தமிழ்ப்படம் பார்க்கத்தான் நாங்கள் அங்கே போவோம். அக்கா, இப்படி அடிதடியில் இறங்கிய பெண்கள் வேறு யாரும் உண்டா?

செந்தூல் அக்கா:
கொலிசியம் கட்டப்பட்டது 1920களின் தொடக்கத்தில், மாலா. 'புரோக்கன் காயின்' அதற்கு மூத்தது. தம்பியின் தாத்தா வேறு பினாங்குக்காரர்.

பெண்களா? ஹெலன் கிப்சனைப் பற்றித் தேடிப் படியுங்கள். 'ஹேசர்ட்ஸ் ஆஃப் ஹெலன்' என்ற ரயில் தொடரில் ஹெலன் ஹோம்ஸ் விலகியபின் வந்தவர். ஸ்டேஷன் கூரையிலிருந்து ஓடும் ரயிலின் மேல் குதிக்க வேண்டும். ரயிலை நிறுத்திவைத்து, தூரத்தை அளந்து, ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஓடும்போதும் சரியான இடத்தில்தான் விழுந்தார். ஆனால் ரயிலின் வேகம் அவரை உருட்டிக்கொண்டு பெட்டியின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. கூரையிலிருந்த காற்றுப்போக்கிக் குழாயை எட்டிப் பிடித்து, விளிம்பில் தொங்கினார். காட்சி இன்னும் நன்றாக அமைந்துவிட்டது! 119 பகுதிகள் கொண்ட அந்தத் தொடரில் சில இன்றும் மிஞ்சியிருக்கின்றன. நம் பக்கத்தில் 1937-இல் 'மின்னல்கொடி' படத்தில் கே. டி. ருக்மணி குதிரையேறியதெல்லாம் இவர்கள் போட்ட பாதைதான் என்பது என் எண்ணம்.

கடைத்தெருப் பேரன்:
அக்கா, மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். தாத்தா ஒவ்வொரு முறையும் முடிவை மாற்றிச் சொல்வார். ஒருநாள் புதையல் கிடைக்கும், ஒருநாள் கடலோடு போய்விடும். படமே இல்லையென்றால் உண்மையான முடிவை எப்படித் தெரிந்துகொள்வது?

செந்தூல் அக்கா:
அதற்கு வழி இருக்கிறது. எமர்சன் ஹஃப் என்ற நாவலாசிரியர் இதைக் கதையாக எழுத, படம் ஓடிய காலத்திலேயே அமெரிக்க நாளிதழ்களில் தொடராக வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய நாளிதழ்த் திரட்டில் 1915-ஆம் ஆண்டைப் போட்டுத் தேடுங்கள். நம் ஊர்க் கொட்டகை விளம்பரம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்க் காப்பகம். படப்பெயரைவிட எடி போலோ பெயரைப் போட்டால் அதிகம் அகப்படும். கனார்ட் பெயரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.