மண்வள அட்டையில் வராத ஈயம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 42 சென்ட் வாங்கினேன். பாதியில் வீடு, பாதியில் தென்னை என்று கணக்கு. விலை மலிவு, ஏன் மலிவு என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

கிரயத்துக்கு முன்னால் கிருஷிபவன் (கேரளத்து வேளாண் அலுவலகம்) மூலம் மண்ணைச் சோதித்தேன். ஐந்தாறு இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ. மண்வள அட்டை அருமையாக வந்தது. அதில் இருப்பது 12 விஷயம்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், போரான், உப்பு என்று எல்லாம் பயிர் சமாசாரம். ஈயம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. இது எனக்கு அப்போது தெரியாது.

கிணறு வெட்ட வந்த பெரியவர்தான் சொன்னார்: "தம்பி, இங்கே பழைய பேட்டரி உடைச்சுட்டிருந்தாங்களே, அந்தப் புளியமரத்தடியிலதான் ஆசிட்டைக் கொட்டுவாங்க."

பழைய பேட்டரி என்றால் உள்ளே ஈயம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சுற்றுச்சூழல் இன்ஜினியரைக் கூட்டிவந்தேன். முதல் நாள் அவர் மண்ணைத் தொடவே இல்லை. டீக்கடையில் விசாரணை, பக்கத்துத் தோட்டத்தில் விசாரணை, மூலப்பத்திரம், பழைய சாட்டிலைட் படம். இதற்கா இவ்வளவு ஃபீஸ் என்று எனக்கு எரிச்சல். மறுநாள் நேராக மரத்தடிக்குப் போனார். மேல் மண், ஓரடி, மூன்றடி என்று தனித்தனிப் பை. கலக்கவே கூடாதாம், கலந்தால் கெட்ட இடத்தை நல்ல மண் மறைத்துவிடும். ஈயம் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆசிட் சேர்ந்தால் கீழே இறங்கும், அதற்குத்தான் மூன்றடி.

ரிசல்ட் வந்ததும் கனடா நாட்டு வரம்பைக் காட்டினார். ஒரு கிலோ மண்ணில் ஈயம் விவசாய நிலத்துக்கு 70 மில்லிகிராம், குடியிருப்புக்கு 140, தொழிற்சாலைக்கு 600. என் மரத்தடி தொழிற்சாலைக்கே ஆகாது. தென்னைப் பக்கம் தப்பித்தது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்திருக்கிறது. சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கொருமுறை பட்டியல் போட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மனு கொடுத்திருக்கிறேன். செலவை மாசுபடுத்தியவர் ஏற்க வேண்டுமாம். பேட்டரி உடைத்தவர் எங்கே போனார் என்று டீக்கடைக்கே தெரியவில்லை.

பதில்:
நான் சித்தூர், அண்ணா. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை, ஆந்திரச் சித்தூர். பழைய தோல் பதனிடும் ஷாப் இருந்த மனை எங்களுடையது. லேபில் "குரோமியம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன், மொத்தமாக ஒரே எண் வந்தது. தோலுக்குப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். ஆறு இணைதிறன்தான் கடும் விஷம். ஆறைத் தனியாகக் கேட்க வேண்டுமாம். மறுபடி பணம் கட்டினேன். அது சரி, அந்தப் புளியமரம் என்ன ஆச்சு?

பதில்:
நிற்கிறது தம்பி. சுற்றி வேலி போட்டு, தூசி பறக்காமல் தார்ப்பாய் விரித்திருக்கிறேன். இந்த வருஷம் பார்த்து அப்படிக் காய்த்திருக்கிறது.