இரண்டாம் முறையும் எஃப்; எப்படிச் செபிப்பது?

கேள்வி (குருநகர்ப் பெடியன்):
உயர்தரப் பரீட்சை, கணிதப் பிரிவு. இரண்டாம் முறையும் இரசாயனவியல் எஃப், சித்தியில்லை. இன்றைக்குத்தான் முடிவு வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. புட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டா. பூசைக்குப் போகவே கூச்சம். கடவுளுக்கு இன்னும் என்னில் விருப்பம் இருக்குமா?

பாசையூர் அண்ணை:
தம்பி, நான் கடலுக்குப் போகிறவன். இரவு முழுக்க வலை போட்டு வெறுங்கையோடு கரைக்கு வந்த நாட்கள் எனக்கும் உண்டு, இயேசுவின் சீடர் பேதுருவுக்கும் உண்டு. அவர் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த ஆள் வேறு. வேதாகமத்தில் யோவான் 21ஐ எடுத்துப் பாரும்: இயேசு கரிநெருப்பில் மீன் வைத்து, சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். பேதுருவிடம் கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

ஒரு அக்கா:
சரி, ஆனால் மனம் உடனே தேறாது. எனக்கு ஒரு வருடம் எடுத்தது. செபம் வராவிட்டால் கடைசி வாங்கில் சும்மா இரும்.

கேட்டவர்:
புட்டைத் திறந்தேன் அண்ணை. கீழே இரண்டு பொரித்த சூடை மீன்.