டர்போ காருக்குக் கட்டுப்படியாகும் விலையில் சைலன்சர்: உங்கள் அனுபவம் என்ன?

ஈசூன்காரன்:
என்னுடையது சிங்கப்பூரில் 2012இல் பதிவான சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், 2.5 லிட்டர் டர்போ. சிஓஇயை (கார் வைத்திருக்கும் உரிமச் சான்றிதழ்) 5 ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்த வண்டி, அதாவது மறுபடி புதுப்பிக்க வழியில்லை. இப்போது இடப்பக்கப் பின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை. ஸ்கிராப்புக்குப் போகப்போகிற காருக்குப் புது ஒரிஜினல் போடச் சொல்லி ஒரு கடையில் சொன்ன விலைக்கு வீட்டுக்கு சோபா செட்டே வாங்கிவிடலாம். பத்து வயது தாண்டியதால் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்‌ஷன் வேறு. இந்தச் சத்தத்தோடு எப்படிப் போவது? யார் என்ன செய்தீர்கள்?

காக்கிபுக்கிட் கைவேலை:
தம்பி, முதலில் வண்டியைத் தூக்கிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் போச்சு என்றதுமே முழு செட்டையும் மாற்றச் சொல்கிற ஆட்கள் உண்டு. டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் சூட்டிலேயே காய்ந்து கிடப்பவை, லேசில் துருப்பிடிக்காது. அடி வாங்குவது கடைசிப் பெட்டியான சைலன்சர்தான். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. பிள்ளையின் பள்ளி வரை, பக்கத்து மார்க்கெட் வரை என்று ஓட்டினால் பெட்டி சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்தகடுகள் அநேகமாகப் போயிருக்கும். மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்தால் சில மாதம் ஓடும், அவ்வளவுதான்.

டவுன்பைப்பைத் தொடவே வேண்டாம். அதைப் பெரிதாக்கினால் டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டின் கணக்கே மாறும், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியுவை ட்யூன் செய்யும் செலவு தனி. கன்வெர்ட்டரைக் கழற்றினால் புகைச் சோதனையிலேயே மாட்டுவீர்கள்.

பொங்கோல் பொண்ணு:
என் சுவிஃப்ட் ஸ்போர்ட்டைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்ததில் சைலன்சர் நசுங்கிவிட்டது. பழைய பொருள் வாங்கி விற்கும் கரோசல் செயலியில் தேடினேன். இங்கே எத்தனை பேர் புது வண்டி எடுத்த கையோடு ஸ்டாக் (கம்பெனியிலேயே வந்த) சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறார்கள் தெரியுமா! காரை விற்கும்போது வேண்டும் என்று பழையதைத் தூக்கியும் போடுவதில்லை. எனக்கு விற்றவர் வீட்டில் அது பாம் ஷெல்டர் அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. பேரம் பேசியது அவர் மனைவிதான், அதுவும் என் பக்கம் சேர்ந்துகொண்டு. 200 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்தது. கிட்டத்தட்டப் புதுசு.

உட்லண்ட்ஸ் மணி:
எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் பாருவில், ஆஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகம் விற்கும்) கடைகளில் டபிள்யூஆர்எக்ஸ் சாமான் கிடைக்கும். பழைய பெட்டியின் படம், குழாய்கள் சேரும் ஃபிளாஞ்சின் போல்ட் இடைவெளி, குழாயின் விட்டம் எல்லாம் கைப்பேசியில் இருக்கட்டும். கடைக்காரர் "சேம் சேம்" என்பார், நம்பாதீர்கள். பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கலகலத்தால் வைத்துவிட்டு வாருங்கள். எல்லை தாண்டிப் போகும்போது சட்டப்படி முக்கால் டேங்க் பெட்ரோல், திரும்பும்போது ரசீதோடு சுங்கத்தில் ஜிஎஸ்டி அறிவிப்பு, மறக்கக்கூடாது.

சத்தமாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மலிவு என்று ஆஃப்டர்மார்க்கெட் (கார் கம்பெனியுடையதல்லாத வேறு தயாரிப்பு) பக்கம் போகாதீர்கள். என் பழைய வண்டிக்கு ஒரு கடையில் "எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) சர்ட்டிபிகேட் இருக்கு பாஸ்" என்று காட்டிப் பெரிய வாய் சைலன்சர் ஒன்றை மாட்டிவிட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷனில் பிரித்துப் பார்த்தால் சான்றிதழ் வேறு மாடலுக்கானது. ஜப்பானின் சைலன்சர் தயாரிப்பாளர் சங்கமான ஜாஸ்மாவின் தகடு ஒட்டியிருப்பதும் இங்கே தானாகச் செல்லாது. கடைக்காரர் பணம் திருப்பித் தரவில்லை, பழைய சைலன்சரையும் எடைக்குப் போட்டுவிட்டாராம்.

ஈசூன்காரன்:
அக்கா சொன்ன வழிதான் எனக்கு ஒத்துவரும் போல. நேற்றிரவு தேடியதில் செங்காங்கில் ஒருவர் இடம், வலம் இரண்டையும் ஜோடியாகத்தான் தருவேன் என்கிறார். எனக்கு ஒன்று போதுமே?

காக்கிபுக்கிட் கைவேலை:
விலை படிந்தால் ஜோடியாகவே வாங்குங்கள், வலப்பக்கமும் அதே வயதுதானே. அப்புறம் இணைப்பில் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட்டும் தொங்கவிடும் ரப்பரும் சேர்த்து வாங்கிவிடுங்கள், பெரிய காசில்லை. முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்டட் முறியும், அதைத் துளைத்தெடுக்கும் கூலி சைலன்சர் விலையைத் தொடும்.