கண்ணிவெடி அதிர்ச்சியில் அப்பாவுக்கு மூளைக்காயம்: நம் அரசு இதில் ஆராய்ச்சிக்குப் பணம் போடுகிறதா?

அல்சூர்_மகள்:
அப்பா ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போகாமல் அல்சூரிலேயே தங்கிவிட்டோம். 2002இல் பாகிஸ்தான் எல்லையில் படை குவித்த ஆபரேஷன் பராக்ரம் சமயம், ராஜஸ்தான் எல்லையில் மைன் (கண்ணிவெடி) புதைக்கும்போது பக்கத்து வரிசையில் ஒன்று வெடித்து இவரைத் தூக்கிப் போட்டிருக்கிறது. ரத்தம் வரவில்லை. எம்.ஐ. ரூமில் (படைப்பிரிவின் மருத்துவ அறை) மாத்திரை, மறுநாள் டியூட்டி, அவ்வளவுதான்.

இப்போது 61 வயது. போன வாரம் பால்காரருக்கு ஒரே காலையில் மூன்று தடவை காசு கொடுத்திருக்கிறார். மறக்காமல் இருக்க ஒரு குட்டி நோட்டு வைத்திருக்கிறார், அதில் "பால் காசு கொடுத்தாச்சு" என்று மூன்று வரி, மூன்றாவது மட்டும் வேறு பேனா. பக்கத்து மனையில் பாறை உடைத்த பத்து நாளும் தலைவலி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். ஸ்கேன் நார்மல். காட்டிய டாக்டர் வயசு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரின் மூளைக்காயத்துக்கென்றே அரசு பணம் ஒதுக்குகிறது என்கிறான் அத்தை மகன். இங்கே அப்படி உண்டா, அப்பாவை ஏதாவது ஆய்வில் சேர்க்க முடியுமா? இன்னொன்று, ஒரு தனியார் கிளினிக்கில் ஆக்ஸிஜன் அறைக்குள் 40 தடவை உட்கார்ந்தால் சரியாகும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

லேப்_கோட்:
கடைசிக் கேள்விக்கு முதலில்: கட்டாதீர்கள். நான் இங்கே மருந்து ஆய்வுகளின் காகித வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஆக்ஸிஜன் சமாச்சாரத்தை அமெரிக்க ராணுவம் தன் காசிலேயே சோதித்துப் பார்த்துவிட்டது. 72 பேர். ஒரு குழுவுக்கு அழுத்த அறையில் நிஜ ஆக்ஸிஜன், இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி அறையில் சும்மா காற்று, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 40 தடவை முடிந்ததும் முதல் இரண்டு குழுவுமே தேறியிருந்தது, இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை. 2015இல் வெளியான முடிவு. போய் உட்கார்ந்ததும் கவனித்துக்கொள்ள ஆள் இருந்ததும்தான் வேலை செய்திருக்க வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன். அரசாங்கப் பணத்தில் இப்படி "பலன் இல்லை" என்று ஒன்று தெரியவருவதும் லாபம்தான், உங்கள் பர்ஸ் தப்பித்தது பாருங்கள்.

அங்கே 1992லேயே ராணுவ மூளைக்காயத்துக்கென்று மையம் தொடங்கிவிட்டார்கள். 2007இல் இராக், ஆப்கான் போர் நடக்கும்போது நாடாளுமன்றம் மூளைக்காயத்துக்கும் போர் மன அழுத்தத்துக்குமாக 30 கோடி டாலர் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கணக்கெடுப்பு. ராணுவத்தினரின் மூளைக்காயங்களை 2000லிருந்து எண்ணுகிறார்கள், 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதில் பெரும்பாலானவை உங்கள் அப்பாவுடையது மாதிரி வெளியே தெரியாத லேசான வகை.

நம்மிடம் இருக்கும் பெரிய பணம் சிகிச்சைக்கானது. 2025-26 பட்ஜெட்டில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸுக்கு 8,317 கோடி ரூபாய். ஆராய்ச்சி வேறு பை: ராணுவ மருத்துவ சேவையின் ஆராய்ச்சிக் குழு, பாதுகாப்புத் துறையின் டிஆர்டிஓ ஆய்வகங்கள், மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐசிஎம்ஆர் என்று பிரிந்து கிடக்கிறது. ஆய்வில் சேர வேண்டுமானால் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டைப் பாருங்கள். 2009 ஜூனிலிருந்து இங்கே நடக்கும் மருந்துப் பரிசோதனை எல்லாம் அதில் பதிவாக வேண்டும், இலவசமாகத் தேடலாம். பரிசோதனை மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சில்க்போர்டு_வாசி:
கோபிக்காதீங்க. ராணுவத்துக்கு மட்டும் தனியாக ஏன்? 2022இல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். பிழைத்து, தலையில் அடியோடு வீட்டில் கிடப்பவர்களை யார் எண்ணுகிறார்கள்? நிம்ஹான்ஸ் (இங்கே இருக்கும் மூளை, மனநல ஆஸ்பத்திரி) கேஷுவல்டி வாசலில் ஒரு ராத்திரி நின்று பாருங்கள், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டிய பையன்கள்தான். பணம் போட்டால் எல்லாருக்கும் போடட்டும்.

லேப்_கோட்:
பாதி சரி. பைக்கில் விழுந்தவனுக்கு மண்டை எதன்மீதோ மோதுகிறது. வெடியில் எதுவும் மோத வேண்டாம், அழுத்த அலை மட்டுமே உள்ளே போய்விடும், நரம்பிழை அறுந்தது சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அந்தப் பையன்கள் தரும் பாடம் இவருக்கு முழுசாகப் பொருந்தாது.

ஓய்வுபெற்ற_தம்பி:
ஏம்மா, நானும் அதே குரூப்தான், பராக்ரமில் நானும் மைன் புதைத்தவன். ரத்தம் வந்தால்தான் காயம் என்ற கணக்கு அப்போது. கால் போனவன் முன்னால் தலை சுற்றுகிறது என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவர்களும் எழுதவில்லை. எழுதாத காயத்துக்கு எவன் பணம் ஒதுக்குவான்?

இப்போது செய்ய வேண்டியது: அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை எடு. இன்ஜுரி ரிப்போர்ட், கடைசி மெடிக்கல் போர்டு காகிதம் இல்லையென்றால் நம் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேள். பெங்களூரில்தான் இருக்கிறது, பதில் வராவிட்டால் தகவல் உரிமையில் போடு. அன்று கூட இருந்த ஒருத்தரிடமாவது நடந்ததை எழுதி வாங்கு. அப்புறம் இசிஎச்எஸ் பாலிக்ளினிக்கில் மறதி என்று மட்டும் சொல்லாதே. "வெடி, 2002" என்று சீட்டில் எழுத வைத்து நியூராலஜிக்கு ரெஃபரல் கேள். அந்த நோட்டையும் கொண்டு போ.

அல்சூர்_மகள்:
நன்றி அங்கிள், நன்றி லேப்_கோட். கிளினிக்குக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு நாலு தடவை போன் செய்துவிட்டார்கள். நேற்று ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். தலையைப் பற்றி எங்கேயும் எதுவும் இல்லை. ஆனால் 2002 மே தேதியிட்ட ஒரு மங்கிய சீட்டில் "வலது காது, ஜவ்வு கிழிந்தது" என்று இருக்கிறது. இது எதற்காவது உதவுமா அங்கிள்?

ஓய்வுபெற்ற_தம்பி:
உதவாமல்? காதைக் கிழித்த வெடி மண்டையை மட்டும் சும்மா விட்டதா என்று கேள். நாலு ஜெராக்ஸ் எடு, அசலை யாரிடமும் கொடுக்காதே.